முதல் துரத்தல்: கேரளக் கல்லூரி முன்கள வீரர்களைத் தொழில்முறைக் கால்பந்துக்கு மதிப்பிடும் முறை

1. ஆய்வுப் பொருள்

எதிரணி கோல்கீப்பரின் காலில் பந்து இருக்கும்போதே நம் அணியின் தற்காப்பு தொடங்கிவிடுகிறது. அந்தத் தற்காப்பின் முதல் ஆள் முன்கள வீரர். அவர் பாய்ந்து நெருக்கினால் எதிரணியின் பின்கள வீரர் அவசரப்படுவார், பந்தைத் தூக்கி அடிப்பார், சில நேரம் காலுக்கடியிலேயே பறிகொடுப்பார். அவர் வேடிக்கை பார்த்தால் பின்னாலிருக்கும் பத்துப் பேரும் ஆளுக்கு ஐந்தடி கூடுதலாக ஓட வேண்டும். மைதானத்தில் எல்லோரும் ‘பிரஸ்ஸிங்’ என்று சொல்வது இதைத்தான். கேரளத்தின் கல்லூரி, பல்கலைக்கழக அணிகளில் ஆடும் 20, 21 வயது முன்கள வீரர் ஒருவர் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) மட்டத்திலும் இதைச் செய்வாரா என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? முடியும் என்பது என் கருத்து. ஆனால் இன்று தேர்வாளர்கள் முதலில் தேடும் கோல் கணக்கு அதற்கு உதவாது.

இந்தக் கேள்விக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி பொருத்தமான இடம். ஒரு பக்கம், சற்றுத் தொலைவில், ஃபோர்ட் கொச்சியின் பரேடு மைதானமும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் வெளிப் பகுதி மைதானமும் இருக்கின்றன. புனித பிரான்சிஸ் தேவாலயத்தை ஒட்டிய பரேடு மைதானத்தில் ரூஃபஸ் டிசூசா பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு ஹாக்கியும் கால்பந்தும் கற்றுக்கொடுத்தார். மறுபக்கம், காயலைக் கடந்தால், 2014இல் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடத் தொடங்கிய கலூர் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். இங்கிருந்து அங்கே பஸ்ஸில் போய்விடலாம். ஆட்டக்காரராகப் போய்ச்சேர்ந்தவர்கள் மிகச் சிலர்.

2. முன்வரலாறு

தேசியக் கால்பந்துத் தொடரான சந்தோஷ் டிராஃபியைக் கேரளம் முதன்முதலாக வென்றது 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில். இறுதியாட்டத்தில் ரயில்வேயை 3-2 என வீழ்த்தியபோது மூன்று கோலும் கேப்டன் மணியுடையவை. துணைக் கேப்டன் கொச்சிக்காரரான டி. ஏ. ஜாஃபர். அந்தத் தலைமுறையைத் தேர்ந்தெடுத்தவை ஆலுவா ஃபாக்ட், களமசேரி பிரீமியர் டயர்ஸ் போன்ற நிறுவன அணிகள். மைதானத்தில் ஆளைப் பார்த்தார்கள், பிடித்திருந்தால் வேலை கொடுத்தார்கள். 1984இல் உருவான கேரளா போலீஸ் அணி இதே வழியில் ஐ. எம். விஜயனையும் வி. பி. சத்யனையும் சேர்த்துக்கொண்டு 1990, 1991 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. தேர்வாளரின் கண்தான் அன்றைய அளவுகோல். கண் தவறினாலும் வீரர் காக்கிச் சட்டையோடு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார், யாருக்கும் பெரிய நட்டமில்லை.

ஐஎஸ்எல் வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்கப் பாணியில் உள்நாட்டு வீரர்களுக்கான டிராஃப்ட் நடந்தது, கடைசியாக 2017 ஜூலையில் மும்பையில். அதில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் மலப்புறம் கொண்டோட்டியைச் சேர்ந்த அனஸ் எடத்தொடிகா. ஜம்ஷெட்பூர் எஃப்சி கொடுத்த விலை 1 கோடியே 10 லட்சம் ரூபாய். அப்போது அவருக்கு வயது 30. அமெரிக்காவில் டிராஃப்ட் என்றால் 21, 22 வயதுக் கல்லூரி மாணவரின் எதிர்காலத்தின் மீது பணம் கட்டுவது. நம்மிடமோ அது பத்தாண்டு ஆடி நிரூபித்தவரின் கடந்தகாலத்துக்கு விலை பேசுவதாக முடிந்தது. அனஸ் அந்த விலைக்குத் தகுதியானவர்தான், அதில் ஐயமில்லை. கல்லூரி வீரரை மதிப்பிடும் கலை மட்டும் இந்த முறையில் வளரவில்லை. 2017க்குப் பிறகு டிராஃப்டும் நின்றுவிட்டது. கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போடுகின்றன.

3. அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்கக் கால்பந்து வேறு விளையாட்டு. ஆனாலும் பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் வீரரின் வேலைக்கும் நம் முன்கள வீரரின் துரத்தலுக்கும் ஓர் உறவு உண்டு. எதிரியின் தாக்குதலை அது பிறக்கும் இடத்திலேயே கெடுப்பதுதான் இருவருக்கும் வேலை. பந்து கையில் இருக்கும்போதே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதை ‘சாக்’ என்று 1982 முதல் அதிகாரபூர்வமாகக் கணக்கிடுகிறார்கள்.

அங்கே 2014 டிராஃப்டின் முதல் தேர்வு ஜடேவியன் கிளவ்னி. 40 கஜத்தை 4.53 விநாடியில் ஓடிய பேருடல். அவர் மோசமாக ஆடவில்லை, ஆனால் எந்தப் பருவத்திலும் பத்து சாக்கை எட்டவில்லை. 2019இல் மேக்ஸ் கிராஸ்பி என்ற வீரர் ஈஸ்டர்ன் மிச்சிகன் என்னும் சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து 106ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். முதல் பருவத்திலேயே பத்து சாக். முதல் முயற்சி தடுக்கப்பட்டாலும் ஆட்டம் முடியும்வரை சளைக்காமல் மறுபடி மறுபடி பாய்பவர் என்றே அவர் பெயர் பெற்றார். அங்குள்ள ஆய்வாளர்கள் இப்போது சாக் எண்ணிக்கையோடு, எத்தனை முறை குவார்ட்டர்பேக்கைத் தடுமாற வைத்தார் என்பதையும் எண்ணுகிறார்கள். சாக் அபூர்வ நிகழ்ச்சி, அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. நெருக்கடியோ ஆட்டத்துக்கு ஆட்டம் நிலையாக வருவது. நமக்கு கோல்தான் சாக், துரத்தல்தான் நெருக்கடி.

4. எதைப் பார்ப்பது

4.1 வளைந்த ஓட்டம். கோல்கீப்பர் வலது சென்டர் பேக்கிடம் பந்தை உருட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பின்கள வீரருக்கு இரண்டு வழிகள்: பக்கக்கோட்டருகே நிற்கும் ரைட் பேக், நடுவில் இறங்கி வரும் மிட்ஃபீல்டர். அனுபவமில்லாத முன்கள வீரர் நேர்கோட்டில் பாய்வார். பின்கள வீரர் நிதானமாக நடுவே தட்டிவிடுவார், துரத்தியவரின் ஓட்டம் வீண். தேறியவர் உள்பக்கமிருந்து அரைவட்டமாக வருவார். நடுப்பாதையைத் தன் முதுகால் மறைத்தபடியே நெருங்குவார். எதிரிக்கு மிஞ்சுவது பக்கக்கோட்டுப் பாதை ஒன்றுதான், அங்கே நம் விங்கர் ஏற்கெனவே காத்திருப்பார். பந்தைப் பறித்தவர் பெயரில் புள்ளிவிவரம் பதிவாகும், பொறி வைத்தவர் பெயர் எங்கும் இராது. கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கப்போகும் ஸ்கவுட் முதல் இருபது நிமிடம் பந்தை விட்டுவிட்டு இந்த ஓட்டத்தின் வளைவை மட்டும் பார்த்தால் போதும். இதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பது உண்மை. ஆனால் யாரும் கற்றுக்கொடுக்காமலே ஒரு மாணவர் செய்கிறார் என்றால் ஆட்டத்தைப் படிக்கும் மூளை அவருக்கு இருக்கிறது என்று பொருள்.

4.2 இரண்டாவது துரத்தல். நான் அதிக எடை கொடுக்கும் அளவை இது. முதல் ஓட்டம் தோற்றது, பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த மூன்று விநாடி என்ன செய்கிறார்? இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறாரா, திரும்பி மிட்ஃபீல்டரின் முதுகுப்பக்கமிருந்து மறுபடி துரத்துகிறாரா? இதே கேள்வியை 70ஆவது நிமிடத்திலும் கேட்க வேண்டும். முதல் துரத்தலைப் பயிற்சியாளரின் கட்டளைக்காகவும் செய்யலாம், காலரியில் இருப்பவர்களுக்காகவும் செய்யலாம். இரண்டாவதை அப்படிச் செய்ய முடியாது.

4.3 நிற்கும் திறன். டிரையல்ஸில் 30 மீட்டர் ஓட்டத்தை ஸ்டாப்வாட்சில் அளக்கிறார்கள். துரத்தலில் அதைவிட முக்கியம் முதல் ஐந்து மீட்டரும், பிறகு சட்டென்று நிற்பதும். முழு வேகத்தில் வருபவரை ஒரே தொடுகையில் ஏமாற்றிவிடலாம். எதிரிக்கு இரண்டு அடி முன்னால் குறுகி நின்று, பக்கவாட்டில் திரும்பக் காத்திருப்பவரை ஏமாற்றுவது கடினம்.

4.4 வென்ற பந்து. இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். பறித்த பந்தோடு தலைநிமிர்ந்து பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி.

எதிரணி எத்தனை பாஸுக்கு ஒரு முறை தடுக்கப்படுகிறது என்ற கணக்கு இப்போது பிரபலம். அது அணியின் எண். தனி ஆளை மதிப்பிட அதைப் பயன்படுத்துவது தவறு.

5. ஐந்து கோல்கள்: ஒரு பரிசோதனை

2022 ஏப்ரல் 28. மஞ்சேரி பய்யநாடு ஸ்டேடியம், சந்தோஷ் டிராஃபி அரையிறுதி. கர்நாடகம் முதல் கோலை அடித்துவிட்ட நிலையில், 30ஆவது நிமிடத்தில் பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் மாற்று வீரராக டி. கே. ஜெசினை இறக்கினார். நிலம்பூர்ப் பையன், மம்பாடு எம்இஎஸ் கல்லூரி மாணவர். பாதிநேரத்துக்கு முன்பே ஹாட்ரிக், மொத்தம் ஐந்து கோல். கேரளம் 7-3 என வென்றது. அந்த இரவு மலப்புறம் தூங்கியிருக்காது. மே 2இல் வங்காளத்துடனான இறுதியாட்டம் 1-1 ஆகி பெனால்டியில் கேரளத்துக்கு வந்தது. அதில் ஜெசின் பெயரில் கோல் இல்லை.

அதே ஆண்டு ஈஸ்ட் பெங்கால் அவரை எடுத்துக்கொண்டது. எடுத்தது சரிதான். ஆனால் ஓர் ஆட்டத்து ஐந்து கோல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரிடம் உடனே ஐஎஸ்எல் கோல்களை எதிர்பார்த்தால், அது அந்த மாணவருக்குச் செய்யும் அநியாயம். ஒரு கோல் பின்தங்கி மீண்டும் சமன்செய்யத் துடிக்கும் அணியில், களைத்துக்கொண்டிருக்கும் தற்காப்புக்கு எதிராக, புதுக்காலோடு இறங்கியவருக்குக் கிடைக்கும் இடைவெளிகள் ஐஎஸ்எல்லில் கிடைக்கா. அந்த ஆட்டத்தில் மதிப்பிட வேண்டியது வேறு: மூன்று கோல் அடித்து முடித்தபின் இரண்டாம் பாதியில் அவர் எப்படித் துரத்தினார்? அதைக் குறித்து வைத்த தாள் ஒன்று இருந்திருந்தால் ஐந்து கோல்களைவிட அதிகம் சொல்லியிருக்கும்.

இன்னொருவரை இதன் பக்கத்தில் வைக்கிறேன். திருச்சூர்க்காரரான எம். எஸ். ஜிதின் 2018 சந்தோஷ் டிராஃபி இறுதியில், கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக, முதல் கோலை அடித்தார். அவர் நார்த்ஈஸ்ட் யுனைடெட் வழியாக ஐஎஸ்எல்லில் நிலைபெற்றது 2022க்குப் பிறகுதான். 2024இல் அந்த அணி டூரண்ட் கோப்பையை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. இறுதியாட்டத்தில் மோகன் பகானிடம் 0-2 எனப் பின்தங்கி மீண்ட அணி அது. 2018இல் அவரைப் பார்த்த கிளப்புகள் எத்தனை, பார்த்தும் காத்திருக்க மனமில்லாதவை எத்தனை!

6. கழித்துப் பார்க்க வேண்டியவை

முதலில் செவன்ஸ். மலபாரின் முன்கள வீரர்களில் பெரும்பாலோர் எழுவர் ஆட்டத்தில் வளர்ந்தவர்கள். சிறிய மைதானம், நெருக்கமான கூட்டம், பந்து எப்போதும் பத்து மீட்டருக்குள். முதல் ஐந்து மீட்டர் வேகமும் உடல்மோதலைத் தாங்கும் துணிவும் அங்கே கிடைக்கும். நாற்பது மீட்டர் ஓடி, திரும்பி, மறுபடி ஓடும் பழக்கம் கிடைக்காது. செவன்ஸ் நட்சத்திரத்தின் துரத்தலை முழு மைதானத்தில் பார்க்காமல் மதிப்பெண் போடக்கூடாது. செவன்ஸை இழிவாகப் பேசும் பயிற்சியாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேரளத்தில் கால்பந்தை உயிரோடு வைத்திருப்பதில் அதன் பங்கு பெரிது.

அடுத்து எதிரணி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அசுதோஷ் முகர்ஜி கோப்பையில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பலமுறை வென்றிருக்கிறது. பலவீனமான அணிகளுக்கு எதிரான தொடக்கச் சுற்று ஆட்டங்களை விட்டுவிட்டு அரையிறுதி, இறுதி ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வயதும் அப்படியே. இத்தொடரில் 25 வயது வரை ஆடலாம். 19 வயதுக்காரர் 24 வயதுக்காரரைத் துரத்திப் பிடிக்கிறார் என்றால் மதிப்பெண் கூட்டுக, மறுதலையாயின் குறைக்க.

7. எந்த இடத்துக்கு

இங்கேதான் கேரள மதிப்பீடு அமெரிக்க மதிப்பீட்டிலிருந்து முற்றாகப் பிரிகிறது. ஐஎஸ்எல்லில் 2021-22 முதல் மைதானத்தில் நான்கு வெளிநாட்டவர் வரை ஆடலாம். அவர்களில் ஒருவராவது பெரும்பாலும் நடு முன்களத்தில் நிற்பார். அந்தப் பருவத்தில் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சின் பிளாஸ்டர்ஸ் இறுதிவரை போனபோது முன்னால் நின்று துரத்தியவர்கள் ஆல்வரோ வாஸ்கேஸும் ஹோர்ஹே பெரேரா டியாஸும். இறுதியாட்டத்தில் பிளாஸ்டர்ஸின் ஒரே கோலை அடித்த திருச்சூர்க்காரர் கே. பி. ராகுல் விங்கர்.

ஆகவே கல்லூரியில் ஒன்பதாம் எண் அணிந்த மாணவரை எடுக்கும் கிளப் அநேகமாக அவரை விங்கிற்கு நகர்த்தும், சில நேரம் பக்கத் தற்காப்புக்கே இழுக்கும். பக்கக்கோட்டில் துரத்தல் வேறு வடிவம் கொள்கிறது: அரைவட்டம் வெளிப்பக்கமிருந்து உள்ளே வளையும், முதுகுக்குப் பின்னே ஓடும் எதிரியின் ஃபுல்பேக்கையும் கவனிக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காத ஸ்கவுட் அறிக்கை பாதி அறிக்கைதான்.

2024 செப்டம்பரில் கொச்சியில் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா இதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது. ஃபோர்கா கொச்சி உட்பட ஆறு அணிகள். கல்லூரிக்கும் ஐஎஸ்எல்லுக்கும் இடையே, வீரரை அவர் ஆடப்போகும் இடத்திலேயே நிறுத்திப் பார்க்கும் ஒரு படி இப்போது இருக்கிறது.

8. வேலையும் ஒப்பந்தமும்

கேரளத்தில் நல்ல கல்லூரி வீரருக்கு முன்னால் எப்போதும் இரண்டு வாசல்கள். ஒன்று கேரளா போலீஸ், கேஎஸ்இபி, எஸ்பிஐ போன்ற அணிகள்: சம்பளம், ஓய்வூதியம், வீட்டில் நிம்மதி. 2022 சந்தோஷ் டிராஃபியை உயர்த்திய கேப்டன் ஜிஜோ ஜோசப் அப்போது எஸ்பிஐ ஊழியர். மற்றது கிளப் ஒப்பந்தம். இரண்டையும் சேர்த்து நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை சி. கே. வினீத் அனுபவித்தார். 2016 ஐஎஸ்எல்லில் பாதியில் சேர்ந்து ஐந்து கோல் அடித்தவர், 2017 ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் பெங்களூரு எஃப்சிக்காக இரண்டு கோல் அடித்தவர், அதே மே மாதத்தில் வருகைக் குறைவைக் காரணம் காட்டி அக்கவுண்டன்ட் ஜெனரல் (ஏஜி) அலுவலக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

21 வயதில் வேலையைத் தேர்ந்தெடுக்கும் மாணவரைத் துணிவற்றவர் என்று குறிக்கும் அறிக்கைகள் மீது எனக்குக் கோபம் உண்டு. துரத்தும் முன்கள வீரரின் உடல் தேய்மானம் கோல் அடிப்பவரைவிட அதிகம், தசைக் காயம் ஒன்று போதும் ஒரு பருவம் போய்விட. எனவே மதிப்பீட்டின் கடைசிப் பத்தியை வீரரைப் பற்றி எழுதாமல் கிளப்பைப் பற்றி எழுத வேண்டும்: மூன்றாண்டு ஒப்பந்தம் உண்டா, முதல் ஆண்டில் ரிசர்வ் அணியில் எத்தனை நிமிடம் ஆட்டம் தருவார்கள், பட்டப்படிப்பை முடிக்க விடுவார்களா, காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது. இவற்றுக்குப் பதில் இல்லாத கிளப்புக்கு, நான்கு அளவைகளிலும் தேறிய மாணவராக இருந்தாலும் பரிந்துரைக்கக்கூடாது.