தமிழ் உரையில் சொற்பிரிப்பு

கணினி நிரலுக்கு ஒரு வாக்கியம் எழுத்துக்குறிகளின் நீண்ட வரிசை மட்டுமே. அதில் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வகுப்பது சொற்பிரிப்பு. தேடுபொறி, பிழைதிருத்தி, மொழிபெயர்ப்புக் கருவி எல்லாவற்றுக்கும் இதுவே முதல் படி. பைத்தான் மொழியில் ‘ஸ்பிளிட்’ என்ற ஒரே கட்டளை, இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டித் தந்துவிடும். ஆங்கிலத்துக்கு இது ஓரளவு போதும். தமிழிலோ வெட்டியதும் சொல் கிடைத்துவிடாது. புணர்ச்சியில் மாறிய வடிவத்தை மீட்டு எழுதினால்தான் கிடைக்கும்.

‘பள்ளிக்குச் சென்றாள்’, ‘பள்ளிக்குப் போனாள்’, ‘பள்ளிக்குக் கிளம்பினாள்’ ஆகியவற்றை இடைவெளியில் வெட்டினால், ஒரே சொல் ‘பள்ளிக்குச்’, ‘பள்ளிக்குப்’, ‘பள்ளிக்குக்’ என மூன்றாகக் கணக்கில் ஏறும். ‘மரமில்லை’ இன்னும் கடினம். அதில் இடைவெளியே கிடையாது. யூனிக்கோடில் ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். நடுவே வெட்டினால் ‘மரம’ என்ற குறைச்சொல்லும் தனித்து நிற்க முடியாத உயிர்க்குறியும் மிஞ்சும். ‘மரம்’, ‘இல்லை’ என்று பெற, நிரல் ஒரு புள்ளியைச் சேர்த்து, அந்தக் குறியை முழு இகரமாக மாற்ற வேண்டும். ‘பொற்குடம்’, ‘மரவேர்’ போன்றவற்றில் மெய்யே திரிந்தோ கெட்டோ போயிருக்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூல் வகுத்த விகாரங்களை நிரல் பின்னோக்கிச் செய்தாக வேண்டும். இதற்கு முன்பே சறுக்கும் கருவிகளும் உண்டு. பைத்தானுடன் வரும் ‘ரீ’ நூலகம், சொல்லுக்குரிய எழுத்துகளைப் பொறுக்கும்போது உயிர்க்குறியையும் புள்ளியையும் விட்டுவிடுகிறது. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்ற துண்டுகளே வரும். பிழைச்செய்தி எதுவும் வராததால் சிதைந்த சொற்கள் சத்தமில்லாமல் அட்டவணையில் சேர்ந்துவிடுகின்றன.

இலக்கணம் எதற்கு, தரவே கற்றுத்தருமே என்பது வலுவான மறுப்பு. 1994-இல் ஃபிலிப் கேஜ் தரவுச் சுருக்கத்துக்காக முன்வைத்த பைட் இணைக் குறிமுறையை, 2016-இல் ரிக்கோ சென்ரிச்சும் உடனாய்வாளர்களும் இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தனர். அடிக்கடி அடுத்தடுத்து வருபவற்றை மேலும் மேலும் இணைத்துத் துண்டுகளை உருவாக்கும் இம்முறை, முன்பின் அறியாத சொல்லையும் கையாளும். அந்த வலிமையை மறுக்க முடியாது. ஆனால் எது அடிக்கடி வருகிறது என்பதைப் பயிற்சித் தரவுதான் முடிவு செய்கிறது. தமிழ் குறைவாக உள்ள தரவில் நல்ல தமிழ்த் துண்டுகள் உருவாகா. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு 3 பைட். ‘மி’ மட்டுமே 6 பைட். ஆகவே பைட் அளவில் இயங்கும் பிரிப்பான் ஓர் எழுத்தையே பல துண்டாக்கக்கூடும். டோக்கன் எனப்படும் இத்துண்டுகளின் கணக்கில் கட்டணம் வாங்கும் இடத்தில் அந்தச் செலவு தமிழில் எழுதுபவரின் தலையில் விழுகிறது.

அளவு மீறிப் பிரித்தால் பொருள் கெடும் என்ற எதிர்வாதம் நியாயமானது. ‘தாமரை’ ஒரு பூ. ‘தா’, ‘மரை’ என்றும் அது பிரியும். இலக்கணம் இத்தகையவற்றைப் பொதுமொழி என்றே தனியே வகைப்படுத்தியது. எந்தப் பிரிப்பு சரி என்பதைச் சுற்றியுள்ள சொற்களே காட்டும். அதனால் நிரல் மூல வடிவத்தை அழிக்காமல், பிரித்த வடிவத்தை அதனருகே தொடக்க, முடிவு இடங்களோடு சேமிக்க வேண்டும். ‘மரம்’ என்று தேடுபவருக்கு அப்போது ‘மரமில்லை’யும் அகப்படும், ‘மரை’ என்று தேடுபவர் முன் தாமரைக் குளங்கள் வந்து குவியா.