செட்டிநாட்டு ஊரமைப்பும் புதிய மனைப்பிரிவுகளும்

செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள நகரத்தார் ஊர்களின் தொகுப்பாகும். முற்காலத்தில் 96 ஊர்கள் இருந்தன என்பர். இன்று எழுபதுக்குச் சற்று மேல் உள்ளன. காரைக்குடி இவற்றுள் பெரிய நகரம். செட்டிநாட்டு மரபு என்றதும் பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் பதித்த பெருவீடுகளே நினைவுக்கு வருகின்றன. அவ்வீடுகளை வாழவைத்த நிலமும் நீர்வழியும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. புதிய மனைப்பிரிவு வரும்போது முதலில் அழிபவை அவையே.

வற்றாத ஆறு எதுவும் இல்லாத செம்மண் பூமி இது. ஆகவே ஊரை அமைத்தவர்கள் மழைநீரை வைத்தே கணக்குப் போட்டனர். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் தெருக்கள் கட்டம் போட்டது போல் நேராக ஓடுகின்றன. ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். ஓட்டுக்கூரைகள் உட்புறமாகச் சரிந்து, நீரை வளவின் முற்றத்தில் கொட்டும். அண்டாக்களில் பிடித்தது போக மிஞ்சிய நீர் கிணற்றுக்கோ தெருக்கால்வாய்க்கோ சென்று, ஊருணியை அடையும். குடிநீர் ஊருணி தனி, குளிக்கும் ஊருணி தனி. ஊருக்கு வெளியே பொட்டலில் விழுந்த மழை வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகும். கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு இறங்கும். ஊருணி என்ற சொல் திருக்குறளிலேயே உண்டு. அந்தச் சொல்லை இன்றும் அன்றாடப் பேச்சில் வைத்திருக்கும் பகுதி இது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் நகரத்தாரின் பெருஞ்செல்வம் முடங்கியது. பின்னர் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு வந்தன. அதே காலத்தில் நகரம் வேறு திசையில் வளரவும் தொடங்கியது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கல்லூரிகளும், 1985இல் பல்கலைக்கழகமும் வந்தன. அவற்றைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. இவ்வளர்ச்சியைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளைகள் படிக்க இடம் வேண்டும், குடும்பங்களுக்கு வீடு வேண்டும்.

சிக்கல், நிலத்தை மதிப்பிடும் முறையில் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்கும்போது சர்வே எண், சாலை அகலம், பொது ஒதுக்கீட்டு இடம் ஆகியவை பார்க்கப்படுகின்றன. பொட்டல் பார்வைக்கு வெறும் தரிசுதான். ஆனால் அதுவே ஓர் ஊருணியின் நீர்ப்பிடிப்பாக இருக்கலாம். மேட்டு நிலத்தில் மண்ணடித்துச் சாலையை உயர்த்தினால், எந்தக் கரையையும் உடைக்காமலே கீழுள்ள ஊருணி வறண்டுவிடும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. அதன் கவனம் ஏரி, கண்மாய்களின் எல்லைக்குள்தான். நீர் வரும் வழி பட்டா நிலத்தில் இருந்தால் அதைக் காப்பது கடினம்.

இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் 1994இல் ஒரு புதுமுறை முயலப்பட்டது. கோட்டை, தேவாலயம் என்று தனித்தனியாகப் பட்டியலிடாமல், வயல், வேலி, புறம்போக்கு என எல்லா நிலத்தையும் அது உருவான வரலாற்றைக் கொண்டு வகைப்படுத்தி வரைபடமாக்கினர். புதிய வீடுகளுக்கு இடம் தேடுவோர் முதலில் அந்த வரைபடத்தைப் பார்க்க முடிந்தது. செட்டிநாட்டுக்கு இது அயலான யோசனை அல்ல. புலப்பட நூலும் 'அ' பதிவேடும் வருவாய்த் துறையில் உள்ளன; வாய்க்கால், ஊருணி, மந்தை எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் நிலத்தை நடந்து பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாலே பாதி வரைபடம் தயாராகிவிடும். கோடையில் வந்து பார்க்கும் அதிகாரிக்கு வரத்துக்கால் வெறும் பள்ளமாகத்தான் தெரியும்.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாடு சேர்க்கப்பட்டபோது, தனி வீடுகளாக அன்றி ஊர்த்தொகுதிகளாகவே முன்வைக்கப்பட்டது. 2024இல் காரைக்குடி மாநகராட்சியானது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் முதலிய ஊராட்சிகளும் அதனுள் வந்தன. பழைய ஊர்களுக்கு இடையே கிடந்த பொட்டல்கள் இப்போது மாநகர எல்லைக்குள் இருக்கின்றன. மனைக்கற்கள் நடப்படுவதும் அங்கேதான்.