முள்ளங்கி வந்த வழி

மன்னர் முடி சூடிய நாளும் போர் வென்ற நாளும் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டன. உழைக்கும் மக்கள் அன்றாடம் உண்ட காய்கறிகளின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று. எனினும் ஒன்றிரண்டு காய்கள் ஏடுகளில் ஆங்காங்கே தலை காட்டுகின்றன. குளிர்காலம் பிறந்ததும் தில்லிக் கடைத்தெருக்களில் வெள்ளை வெளேரெனக் குவியும் முள்ளங்கி அவற்றுள் ஒன்று.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டினரான கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்தின் பெரிய பிரமிடில் ஓர் எழுத்துப் பொறிப்பைக் கண்டதாகக் கூறுகிறார். அதைக் கட்டிய தொழிலாளர்க்கு முள்ளங்கியும் வெங்காயமும் பூண்டும் வாங்க 1,600 தாலந்து வெள்ளி செலவாயிற்று என அதில் இருந்ததாம். பொறிப்பைப் படித்துச் சொன்னவர் உள்ளவாறே சொன்னாரா என்று அறிஞர் ஐயுறுவர். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமப் பேரறிஞர் பிளினி, இக்கிழங்கு குளிரைப் பெரிதும் விரும்புவது என்றும், ஜெர்மானிய நாட்டில் கைக்குழந்தை அளவு பருக்கும் என்றும் குறித்தார்.

நம் நாட்டிலும் இதன் பழமை சிறிதன்று. வேர் எனப் பொருள்படும் மூலம் என்ற சொல்லிலிருந்து வடமொழியில் மூலகம் என்றும், இந்தியில் மூலி என்றும் பெயர் பெற்றது. இளங்கிழங்கு மூன்று தோஷங்களையும் தணிக்கும், முற்றியது மூன்றையும் கிளறிவிடும் எனச் சரக சம்ஹிதை வேறுபாடு காட்டுகிறது. பழைய கணபதி உருவங்கள் சில, கையில் முள்ளங்கியை ஏந்தி நிற்கின்றன. நம்மவர் வீடுகள் பலவற்றிலோ, திவச நாள்களில் இதை இலையில் இடும் வழக்கமில்லை. பிள்ளையார் ஏந்தியதை நாம் விலக்கினோம் என்பது எண்ணி நகைக்கத்தக்கது.

சரகர் கண்ட வேறுபாட்டிற்கு இன்றைய அறிவியலும் துணை நிற்கிறது. 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் கிழங்கு சாறு நிறைந்து இனிக்கும். வெப்பம் மிகுந்தால் காரமேறும். பறிக்காமல் விட்டால் உள்ளே சக்கையாகும். பின்னர்த் தண்டு நீண்டு பூத்துவிடும். நறுக்கும்போதும் மெல்லும்போதும் திசுக்கள் சிதைய, அவற்றுள் தனித்தனியே இருந்த இரு பொருள்கள் கலந்து காரத்தை உண்டாக்குகின்றன. கடுகின் காரமும் இவ்வாறே பிறப்பதுதான். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். பூத்த செடியும் வீணன்று. ஒருவகை முள்ளங்கியின் பிஞ்சுக் காய்களை மோங்க்ரி என்ற பெயரில் வடநாட்டார் சமைத்துண்பர்.

கங்கைச் சமவெளியின் குளிர்காலம் இதற்கு உகந்தது. ஜோன்பூர் முள்ளங்கி அதன் பருமனால் புகழ் பெற்றது. கோடையிலும் விளையும் 'பூசா சேத்கி', கடுங்குளிர்க்கேற்ற 'பூசா ஹிமானி' முதலிய வகைகளை நாட்டுக்கு அளித்தது தில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். அந்நிலையமும் குடிபெயர்ந்து வந்ததே! 1905-இல் பீகாரின் பூசாவில் தோன்றி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்து, 1936-இல் தில்லி சேர்ந்தது. பழைய ஊரின் பெயரை மட்டும் விடவில்லை.

நம்மவர் வரவும் அத்தகையதே. 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 1931-இல் புதுதில்லி திறக்கப்பட்டது. அலுவலகப் பணிக்கு வந்த தமிழர், விடுதலைக்குப்பின் பெருகினர். அரசுக் குடியிருப்புகளின் பின்கட்டில் கிடைத்த சிறு நிலத்தில் கறிவேப்பிலைக் கன்றை நட்டனர். ஐப்பசியில் முள்ளங்கி விதை தூவினர். கிழங்கு சாம்பாருக்கும் கீரை பொரியலுக்கும் ஆயிற்று. அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் மூலி பராட்டா செய்யக் கற்றதும், அவருக்குச் சாம்பார்ப்பொடி தந்ததும் அப்பின்கட்டு வேலியருகில்தான்.

அந்த வேலிகள் இன்று மறைந்து வருகின்றன. சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகளாக்க 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. வீடுகள் பழுதடைந்தமையால் புதியன வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மண்ணோடு பழகாமலும், அண்டை வீட்டாரோடு கொடுத்து வாங்காமலும் நம் பிள்ளைகள் வளர்வார்களாயின், அவ்விழப்பை எந்த மாடியும் ஈடு செய்யாது.

இதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. ஓரடி ஆழமுள்ள தொட்டி, வெயில் படும் பலகணி, ஒரு கைப்பிடி விதை இவை போதும். விதையை அரை அங்குல ஆழத்தில் ஊன்றுக. நெருங்கி முளைத்தவற்றைக் களைந்து கீரையாக்குக. ஈரம் காயாமல் காக்குக. வகைக்கேற்ப 40 முதல் 60 நாள்களில் கிழங்கு ஆயத்தமாகும். பிள்ளைகளே பிடுங்கட்டும்; முதற்கிழங்கை அடுத்த வீட்டிற்கு அவர்களே கொண்டு செல்லட்டும்.

ஒருவரை எளியராக எண்ணிப் பேசுகையில், "கிஸ் கேத் கீ மூலி?", அதாவது 'எந்த வயல் முள்ளங்கி?' என்பது இந்தி வழக்கு. முள்ளங்கிக்கு ஒரே வயல் என்பதில்லை. சென்ற நாடெல்லாம் அந்தந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் இசைந்தது. தன் சுவையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழகம் விட்டு வந்து வாழும் நமக்கும் அதுவே தக்க விடையாகும்.