வினாநிரல் சோதனை: கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்பகத்தன்மை, ஏற்புடைமை ஆய்வுகளின் வரலாறு

மனச்சோர்வு, பதற்றம், வலி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையால் அளக்க முடியாது. நோயாளியிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். அப்படிக் கேட்பதற்கென வகுத்த உளவியல், உடல்நல வினாநிரல்கள் ஒரே சீராக அளக்கின்றனவா, அளப்பதாகச் சொல்வதையே அளக்கின்றனவா என்று ஆராய்வது வினாநிரல் சோதனை. சீராக அளப்பது நம்பகத்தன்மை. உரியதை அளப்பது ஏற்புடைமை.

வடக்கே ரவாங் முதல் மேற்கே கிள்ளான் வரை விரியும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மலாய், தமிழ், மாண்டரின், கண்டனீஸ் பேசுவோர் ஒரே அரசாங்க கிளினிக்கில் அடுத்தடுத்துக் காத்திருக்கிறார்கள். ஒரு மொழியில் தேறிய வினாநிரல் இன்னொரு மொழியிலும் தேறும் என்று கொள்ள முடியாது. ஆகவே இச்சோதனையை இங்கே ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே நடத்த வேண்டியிருக்கிறது. மலாய்ப் படிவங்களுக்கான பணி 1990களிலிருந்து மலேசியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. தமிழ்ப் படிவங்களின் வரலாறு சென்னை, வேலூர், சிங்கப்பூர் வழியாகச் செல்கிறது.

அடிப்படைக் கருத்துகள்

ரப்பர்த் தோட்டங்களில் பால் நிறுக்கும் தராசு இவ்விரு பண்புகளின் வேறுபாட்டைக் காட்டும். தண்ணீர் கலந்த பாலை எத்தனை முறை வைத்தாலும் தராசு அதே எடையைக் காட்டும். அது நம்பத்தக்க தராசுதான். ஆனால் தோட்டத்துக்குத் தேவையானது பாலிலுள்ள ரப்பரின் அளவு. அதை அறியத்தான் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கிப் பார்த்தார்கள். சீராகப் பதில் தரும் வினாநிரலும் இதைப் போலவே வேறொன்றை அளந்துகொண்டிருக்கலாம்.

நம்பகத்தன்மையை மூன்று வழிகளில் பார்க்கின்றனர். அதே ஆட்களிடம் பெரும்பாலும் இரண்டு வார இடைவெளியில் மீண்டும் கேட்டு, இரு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது முதல் வழி. ஒரே பண்பைப் பற்றிய கேள்விகள் ஒன்றோடொன்று இணங்கிப் போகின்றனவா என்று பார்ப்பது இரண்டாவது. ஒரே நோயாளியை மதிப்பிடும் இருவர் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்பது மூன்றாவது.

ஏற்புடைமைக்கும் மூன்று முகங்கள் உண்டு. கேள்விகள் அந்த நோயின் எல்லாக் கூறுகளையும் தொடுகின்றனவா என்பது உள்ளடக்க ஏற்புடைமை. வினாநிரலின் முடிவு மனநல மருத்துவரின் முறையான நேர்காணலோடு ஒத்துப்போகிறதா என்பது அளவுகோல் ஏற்புடைமை. எந்தக் கருத்தை அளக்க முனைகிறதோ அந்தக் கருத்தின் அமைப்பு பதில்களில் வெளிப்படுகிறதா என்பது கருத்தமைப்பு ஏற்புடைமை. இதற்கு, சேர்ந்து மாறும் கேள்விகளைக் குழுக்களாகப் பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வு உதவுகிறது.

உலக அளவில் தோற்றம்

அளவீட்டில் கலக்கும் பிழையைக் கணிதத்தால் கையாள முடியும் என்று 1904இல் எழுதியவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மன். முதல் உலகப் போரின்போது, போர்முனையில் மனம் குலையக்கூடிய படைவீரர்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக அமெரிக்காவின் ராபர்ட் உட்வொர்த் ஆம், இல்லை என்று விடையளிக்கும் வினாநிரலை உருவாக்கினார். அது முழுமை பெறுவதற்குள் போர் முடிந்துவிட்டது. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை படிப்படியாக விடையளிக்கும் முறையை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்தார்.

கேள்விகளின் உள்ளிணக்கத்தை 0 முதல் 1 வரையான ஒரே எண்ணாகச் சுருக்கும் ஆல்பா கெழுவை லீ குரோன்பாக் 1951இல் விளக்கினார். இன்றும் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் அளவுகோல் அதுவே, 0.7 என்பதைக் குறைந்தபட்சமாகக் கொள்வது வழக்கமாயிற்று. ஆனால் கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ, ஒரே கேள்வியைச் சொல் மாற்றித் திரும்பக் கேட்டாலோ ஆல்பா உயர்ந்துவிடும். குரோன்பாக்கின் மறைவுக்குப் பின் 2004இல் வெளிவந்த அவரது கட்டுரை, ஆல்பாவை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதைத் தெளிவாக்கியது. இதற்கு முன்பே, 1955இல், அவரும் பால் மீலும் கருத்தமைப்பு ஏற்புடைமை என்ற கோட்பாட்டை முன்வைத்திருந்தனர். ஒரு மொழியிலிருந்து பெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் மீண்டும் மூலமொழிக்கே பெயர்த்து ஒப்பிடும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் நெறிப்படுத்தினார்.

மருத்துவத்துக்கான கருவிகள் இதன் பிறகு பெருகின. லண்டனில் டேவிட் கோல்ட்பர்க் 1972இல் வெளியிட்ட பொது உடல்நல வினாநிரல் 60 கேள்விகள் கொண்டது. பின்னர் 30, 28, 12 கேள்விகளாகச் சுருங்கியது. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறிய ஜான் காக்ஸ் குழுவினரின் எடின்பரோ அளவுகோல் 1987இல் வந்தது. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் ‘டாஸ்’ அளவுகோலை ஆஸ்திரேலியாவில் லொவிபாண்ட் என்ற பெயர் கொண்ட இருவர் 1995இல் வெளியிட்டனர். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 வினாநிரல் 2001இல் அமெரிக்காவில் வெளியானது.

மலேசியாவில் மலாய்ப் படிவங்கள்

இக்கருவிகள் எல்லாமே ஆங்கிலத்தில் பிறந்தவை. மலேசிய நோயாளிகளிடம் அவற்றைப் பயன்படுத்துமுன் சோதிக்க வேண்டும் என்ற உணர்வு நாட்டின் பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றது. தற்கொலை பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்பட்ட மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் டி. மணியம், பொது உடல்நல வினாநிரலின் 30 கேள்விப் படிவத்தை மலேசிய மக்களிடம் சோதித்து 1996இல் வெளியிட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் சுருக்க வாழ்க்கைத்தர வினாநிரலுக்கு மலாய்ப் படிவம் 2003இல் வெளியானது.

2007இல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் ரம்லி மூசாவும் உடனாய்வாளர்களும் 21 கேள்விகள் கொண்ட டாஸ் அளவுகோலின் மலாய்ப் படிவத்தை வெளியிட்டனர். ஆல்பா மதிப்பு மனச்சோர்வுக்கு 0.84, பதற்றத்துக்கு 0.74, மன அழுத்தத்துக்கு 0.79 என அமைந்தது. அதன்பின் மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் கிளினிக்குகளிலும் மிகப் பரவலாகப் பயன்பட்ட கருவிகளில் இது ஒன்றாயிற்று.

செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் ஷெரினா முகமட் சிடெக்கும் நியூசிலாந்து ஆய்வாளர்களும் 2012இல் ஓர் அடி மேலே சென்றனர். அரசாங்க கிளினிக்குக்கு வந்தவர்களிடம் பிஎச்கியூ-9 மலாய்ப் படிவத்தைக் கொடுத்து, முறையான நோயறிதல் நேர்காணலையும் நடத்தி, இரண்டையும் ஒப்பிட்டனர். உண்மையில் மனச்சோர்வு இருந்தவர்களில் 87 விழுக்காட்டினரையும், இல்லாதவர்களில் 82 விழுக்காட்டினரையும் அந்த ஒன்பது கேள்விகள் சரியாக இனங்கண்டன.

தேசிய ஆய்வின் எண்கள்

மலேசியச் சுகாதார அமைச்சு தேசிய உடல்நல, நோயுற்ற நிலை ஆய்வை 1986இல் தொடங்கியது. முதலில் பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்த ஆய்வு, 2011 முதல் குறுகிய இடைவெளியில் நடக்கிறது. பெரியவர்களிடையே மனநலப் பிரச்சினை 1996இல் 10.7 விழுக்காடு, 2006இல் 11.2 விழுக்காடு, 2015இல் 29.2 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. மலேசியரில் மூவரில் ஒருவர் மனநோயாளி என்ற பேச்சு அதன்பின் பரவியது. 2019ஆம் ஆண்டு ஆய்வோ மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2.3 விழுக்காடு என்றது.

நான்கே ஆண்டுகளில் நாடு குணமாகிவிடவில்லை. 2015இல் பயன்பட்டது 12 கேள்விகள் கொண்ட பொது உடல்நல வினாநிரல். தூக்கமின்மை, கவலை, மனஅமைதிக் குறைவு போன்ற பொதுவான மன வருத்தத்தை அது வடிகட்டி எடுக்கும்; நோயின் பெயரைச் சொல்லாது. 2019இல் கேட்கப்பட்டது மனச்சோர்வு என்ற ஒரு நோயைப் பற்றி மட்டுமே. அதற்குப் பயன்பட்டது பிஎச்கியூ-9. இரண்டு எண்களும் வெவ்வேறு பொருள்களை அளந்தவை. எந்தக் கருவி, எத்தனை மதிப்பெண்ணிலிருந்து பாதிப்பு எனக் கொள்ளும் எல்லை மதிப்பெண் எது என்ற விவரம் இல்லாமல் விழுக்காட்டை மட்டும் எடுத்துச் சொல்வது, பாதிக்கப்பட்ட குடும்பங்களையும் நிதி ஒதுக்கும் அரசையும் ஒருசேரத் தவறான வழியில் செலுத்திவிடும்.

தமிழ்ப் படிவங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் 1991இல் வாழ்க்கைத்தர வினாநிரல் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு புதிய வழியைப் பின்பற்றியது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பிற மொழிகளுக்குப் பெயர்க்காமல், 15 மையங்களில் மக்களிடம் பேசி ஒரே காலத்தில் கேள்விகளை உருவாக்கியது. அந்த 15 மையங்களில் சென்னையும் ஒன்று. அவ்வகையில் தமிழ் பேசுவோர் இக்கருவியின் உருவாக்கத்திலேயே பங்குகொண்டனர்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எடின்பரோ அளவுகோலின் தமிழ்ப் படிவத்தை 2005இல் வெளியிட்டனர். மூல ஆய்வு 13, அதற்கு மேல் மதிப்பெண் பெற்ற தாய்மாரை மேல்விசாரணைக்கு அனுப்பச் சொன்னது. வேலூர் ஆய்விலோ 9, அதற்கு மேல் என்ற எல்லையே சரியாக வந்தது. அந்த எல்லையில் நோயுள்ளோரில் 94.1 விழுக்காட்டினரும் நோயற்றோரில் 90.2 விழுக்காட்டினரும் சரியாகப் பிரிக்கப்பட்டனர். ஸ்காட்லாந்தின் எல்லையை அப்படியே எடுத்திருந்தால் 9 முதல் 12 வரை மதிப்பெண் பெற்ற தாய்மார் ‘நலம்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் 2009இல் பிஎச்கியூ-9ஐத் திருத்திச் சோதித்தது. தூக்கம் வராமையையும் மிகையாகத் தூங்குவதையும் மூலம் ஒரே கேள்வியில் கேட்கிறது; அதற்கான பதில் எதைச் சுட்டுகிறது என்று தெரியாது. இத்தகைய இரட்டைக் கேள்விகளைப் பிரித்ததில் ஒன்பது கேள்விகள் பன்னிரண்டாயின. சென்னையின் மனநல ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப், தீவிர மனநோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தினரின் சுமையை அளக்க 40 கேள்விகள் கொண்ட அட்டவணையை 1998இல் வெளியிட்டது. பெயர்ப்புப் பணியோடு நில்லாமல், உள்ளூர்க் குடும்ப வாழ்விலிருந்தே உருவாக்கிய கருவி அது.

மொழியோடு கல்வியும் முடிவை மாற்றக்கூடும். முதுமை மறதியைக் கண்டறியும் 10/66 ஆய்வுக் குழு 25 மையங்களில் நடத்திய சோதனை 2003இல் வெளியானது. பள்ளிப்படிப்புக் குறைந்த முதியவர்களை நோயாளிகள் என்று தவறாக முத்திரை குத்திவிடக்கூடாது என்பதற்காக, மறதிநோய் இல்லாத, குறைந்த கல்வியுள்ளோரைத் தனிக் குழுவாகச் சேர்த்தே அதைச் சோதித்தனர். சிங்கப்பூரில் ஈகியூ-5டி என்ற ஐந்து கேள்வி வாழ்க்கைத்தர வினாநிரலின் மலாய், தமிழ்ப் படிவங்களைச் சோதித்த ஆய்வு 2007இல் வந்தது. அண்டை நாட்டின் தமிழர்கள் தங்கள் பேச்சுக்கேற்ற படிவத்தைப் பெற்றதற்கு இது நல்ல சான்று.

சோதிக்கும் படிகள்

இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு இது. இருவர் தனித்தனியே பெயர்ப்பர். இரண்டையும் இணைத்து ஒரு படிவமாக்குவர். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை ஆங்கிலத்துக்கே திருப்புவார். மருத்துவர், உளவியலாளர், மொழியறிஞர் அடங்கிய குழு வேறுபாடுகளைத் தீர்க்கும். பிறகு சிலரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பர். எழுத்தில் சரியாக இருந்த கேள்வி பதில் சொல்பவருக்கு வேறாகப் புரிவது இந்தப் படியில்தான் அம்பலமாகும். அதன்பின் ஒரு கேள்விக்கு 5 முதல் 10 பேர் என்ற கணக்கில் பெரிய குழுவிடம் சோதனை நடக்கும். 21 கேள்விகளுக்கு 105 முதல் 210 பேர் வேண்டும். வாசித்துக் காட்டி நிரப்பும் படிவத்தை, தாமே நிரப்பும் படிவத்திலிருந்து தனியாகச் சோதிப்பது நல்லது. பிறர் முன்னால் வாய்விட்டுச் சொல்லும்போது தற்கொலை எண்ணம் போன்ற கேள்விகளுக்குப் பதில் மாறக்கூடும்.

கிளினிக்கில் மதிப்பெண்ணின் பொருள்

சோதித்த கருவியும் நோயை உறுதி செய்வதில்லை. ஒரு கிளினிக்குக்கு வரும் 1,000 பேரில் 100 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கொண்டு, மலாய் பிஎச்கியூ-9 ஆய்வின் விகிதங்களைப் பொருத்திப் பார்க்கலாம். நோயுள்ள 100 பேரில் 87 பேர் பிடிபடுவர்; 13 பேர் தவறுவர். நோயற்ற 900 பேரில் 162 பேரும் எல்லையைத் தாண்டுவர். ஆக 249 பேர் அடையாளம் காணப்பட, அவர்களில் உண்மையான நோயாளிகள் 87 பேர், ஏறத்தாழ மூவரில் ஒருவர். ஆகவே உயர்ந்த மதிப்பெண் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டியதன் தொடக்கம். தாழ்ந்த மதிப்பெண் பெற்றவர் தம் வேதனையைச் சொன்னால் அதையும் கேட்டாக வேண்டும்.

இன்றைய நிலையும் தேவையும்

சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்திலுள்ள ரவாங், ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டங்களும் வளர்த்த ஊர். தோட்டப்புறத்திலிருந்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய் இடைநிலைப்பள்ளியில் படித்த பேரனுக்கு மலாய்ப் படிவம் எளிதாக இருக்கலாம். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிக்கு அப்படி இராது. அவருக்காக மகனோ பேரனோ உடனுக்குடன் பெயர்த்துச் சொன்னால், அங்கே பயன்படுவது எவரும் சோதிக்காத புதிய படிவம். மகனின் முன்னால் மருமகளைப் பற்றிய மனக்குறையை எந்தத் தாயும் எளிதில் சொல்லமாட்டார்.

சென்னை, வேலூர்ப் படிவங்கள் நல்ல அடித்தளம். எனினும் மலாய்ச் சொற்கள் கலந்த மலேசியத் தமிழ்ப் பேச்சிலும், இங்குள்ள கல்வி, வேலை, குடும்பச் சூழலிலும் அவற்றின் எல்லை மதிப்பெண் மாறக்கூடும். வேலூரில் மாறியதே அதற்குச் சான்று. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காட்டினர், அவர்களில் தமிழ் பேசுவோரே பெரும்பாலோர். கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவப் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுத் திறனும் மருத்துவமனைகளும் தமிழறிந்த மருத்துவர்களும் உண்டு. வெளியூர்த் தமிழ்ப் படிவங்களை இங்கே மறுசோதனை செய்வதும், எந்த மொழியில், யார் கேட்டுப் பதில் பெறப்பட்டது என்பதை நோயாளியின் பதிவில் குறிப்பதும் இத்துறையின் அடுத்த பணிகள்.