ரவைப் பனியும் எங்கள் மாரியும்



எங்கள் தரம் 1 வகுப்பறை யன்னலில் வரிசையாக நிற்கும் போத்தல்களைப் பற்றிப் பல பேர் கேட்டுவிட்டீர்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய், "டீச்சர், வெறும் சோடாப் போத்தலுக்குள்ள தண்ணியும் குப்பையும் விட்டு வச்சிருக்கிறீங்கள், இதென்ன படிப்பு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இருக்கவில்லை. இந்தப் போத்தலுக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இதைப் புலன் போத்தல் என்று சொல்கிறோம். தெளிந்த பிளாஸ்டிக் போத்தலுக்குள் தண்ணீரும் சில பொருட்களும் போட்டு மூடியை ஒட்டிவிடுவது. பிள்ளை அதைக் குலுக்கும், கவிழ்க்கும், உள்ளே இருப்பது மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அழுதுகொண்டு வரும் பிள்ளை அடங்கும். துடியாட்டம் கூடின பிள்ளை ஓர் இடத்தில் இருக்கும். இதில் 'குளிர்காலப் போத்தல்' என்று ஒரு வகை உண்டு. வெள்ளை மினுக்கம், பனிமனிதன், நீலத் தண்ணீர். ஒரு பயிற்சி நாளில் எங்களுக்குக் காட்டிய படமும் அதுதான். நாங்களும் அப்படியே ஒன்று செய்தோம். ஒரு சின்னவள் பார்த்துவிட்டு, "டீச்சர், ஐஸ்கிறீம் கரைஞ்சு போச்சா?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இது எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தோம்.

இந்தப் பனிப் போத்தலின் மூத்த உறவு, கண்ணாடி உருண்டைக்குள் பனி கொட்டும் அந்த விளையாட்டுச் சாமான். வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரர் சிலர் வீட்டில் கண்டிருப்பீர்கள். 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே, குடை பிடித்து நிற்கும் ஒரு மனிதர் மேல் வெள்ளைத் தூள் கொட்டுகிற கண்ணாடி உருண்டை இருந்திருக்கிறது. ஆனால் அதை ஒரு தொழிலாக்கியவர் வியன்னாவில் இருந்த எர்வின் பெர்ஸி. அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்கிற கைத்தொழிலாளி.

அவருக்குப் பனியும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம். வெளிச்சம்தான் வேண்டியிருந்தது. அந்தக் காலத்து மின்குமிழ் மங்கலாகத்தான் எரியும். சத்திரசிகிச்சை அறைக்கு அது போதாது. ஐரோப்பாவில் சப்பாத்துத் தைப்பவர்கள் இரவில் வேலை செய்ய ஒரு வழி வைத்திருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை விளக்குக்கு முன்னால் வைத்தால், ஒளி ஒரு புள்ளியில் குவிந்து தையலில் விழும். பெர்ஸி அதைப் பார்த்து, தண்ணீருக்குள் ஒளியைத் திருப்பி எறியக்கூடிய துகள்களைப் போட்டுப் பார்த்தார். ஒன்று மாறி ஒன்றாகப் போட்டு, கடைசியில் ரவையைப் போட்டார். வெளிச்சம் கூடவில்லை. ரவை மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. பார்க்கப் பனி கொட்டுவது போல இருந்ததாம். அந்தக் குடும்பத்தார் இன்றைக்கும் சொல்லும் கதை இது. வருடம் 1900. (எங்கள் ஊரில் ரவை என்றால் இரண்டு அர்த்தம் என்று தெரியும். உப்புமா ரவையைத்தான் சொல்கிறோம்.)

ஆஸ்திரியாவில் மரியாசெல் என்று யாத்திரிகர் கூடும் ஒரு தேவாலயம் உண்டு. அங்கே நினைவுப்பொருள் விற்கும் நண்பர் ஒருவருக்காகப் பெர்ஸி அந்தக் கோயிலின் சின்ன உலோக உருவைச் செய்துகொண்டிருந்தார். அதை எடுத்து ரவைத் தண்ணீர் உருண்டைக்குள் வைத்தார். அதுதான் அவரது முதல் பனி உருண்டை. பேரன் காலத்திலும் அந்தப் பட்டறை வியன்னாவில் நடக்கிறது.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் கடை போடுகிறவர்களை நினைத்தால் இந்தக் கதை தூரமாகத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. விளக்கு, தண்ணீர், கோயில் என்று நாங்கள் சொல்லிக்கொண்டு போகும்போதே ஒருவன் எழும்பி, "எங்கட அம்மன் கோயிலுக்கும் உப்புத் தண்ணியிலதான் விளக்கு எரியும், டீச்சர்" என்றான். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து ஏற்றும் விளக்கைச் சொல்கிறான். எங்கள் மார்க்கம் வேறு என்றாலும் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆட்களான எங்களுக்கு அந்தப் பொங்கல் சந்தடி பழக்கம். அவனுக்கு வியன்னா இருக்கும் இடம் தெரியாது. ஆனால் விளக்குக்கும் தண்ணீருக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவனுக்குப் புதுமையாக இல்லை.

கண்ணாடி உருண்டை அலுமாரிக்குப் போனது. வகுப்பறைக்குப் போத்தல் வந்த வழி வேறு. 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில், மரியா மொண்டிசோரி என்ற வைத்தியர் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தார். அவர் செய்த கற்றல் சாமான்களில் மணந்து பார்க்கும் குப்பிகள், குலுக்கிக் கேட்கும் பெட்டிகள், வெவ்வேறு சூட்டில் தண்ணீர் நிரப்பிய உலோகக் குப்பிகள் எல்லாம் இருந்தன. பிள்ளை தொட்டு எது சூடு, எது குளிர் என்று வரிசைப்படுத்தும். எங்களைப் பொறுத்தவரை முதலாவது குளிர்காலப் போத்தல் அதுதான். இந்த யோசனையின் வேர், அவருக்கு முன்னர் இட்டார்ட், செகுவின் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குச் செய்த வேலையில் இருக்கிறது. எங்கள் வகுப்பில் இந்தப் போத்தலால் கூடப் பயன் பெறுவதும் அப்படியான ஒரு பிள்ளைதான்.

மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். ருக்மிணி தேவியும் அவரது கணவர் அருண்டேலும் இருந்த பிரம்மஞான சபையில் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பிரித்தானியருக்கு எதிரி நாட்டுப் பிரசை ஆகிவிட்டார். கூட வேலை செய்த மகன் மரியோவை அகமத்நகர் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாயின் 70ஆவது பிறந்தநாளில், ஆகஸ்ட் 31இல், மகனை விட்டார்கள். ஊர் திரும்ப முடியாமல் அடையாறிலும் கொடைக்கானலிலும் இருந்துகொண்டே அவர் ஆயிரக்கணக்கில் என்று சொல்லத்தக்க அளவு ஆசிரியர்களைப் பழக்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். கல்வியியற் கல்லூரியில் நாங்கள் இதைச் சோதனைக்காகப் பாடமாக்கினோம். இரண்டு புள்ளி. போருக்குள் மாட்டுப்பட்டு, பிள்ளை தடுப்பில் இருக்க, வகுப்பு எடுத்த ஒரு தாய் என்று அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. வன்னியில் படிப்பித்த எத்தனையோ பேருடைய கதையும் அதுதானே.

பின்னர் 1970களில் நெதர்லாந்தில் ஹார்டன்பெர்க் என்ற பராமரிப்பு நிலையத்தில் ஒளி, குமிழி, ஓசை நிறைந்த அறைகளை அமைத்தார்கள். அதில் குமிழி ஏறி இறங்கும் ஆள் உயரத் தூண்கள் உண்டு. விலை கூடின சாமான். ஒரு சோடாப் போத்தலால் அந்தத் தூண் செய்கிற வேலையில் கொஞ்சத்தைச் செய்ய முடிகிறது.

சரி, குளிர்காலம் என்றால் எங்களுக்கு என்ன? தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு பெரிது. கனடாவில் உள்ள மாமா சொல்லும் பனியும், தையில் வேலிக் கிடுகில் இருந்து சொட்டும் பனியும் பிள்ளைக்கு ஒன்றாகிவிடுகிறது. பழைய தமிழ்க் கணக்கில் பருவம் ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். வகுப்பறைச் சுவரில் தொங்கும் படத்தில் பருவம் நான்கு, அதில் ஒன்று முழுக்க வெள்ளை. எங்கள் குளிர், மாரியும் வாடையும்.

அந்தக் குளிர் சும்மா குளிர் இல்லை. 2022 மார்கழியில், மண்டோஸ் புயல் கடலில் நின்ற நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஆடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆட்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. டிசம்பர் 9ஆம் திகதி, காற்று கெட்டுப்போனதால் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மழையில் நனைந்து விறைத்த கன்றுக்குட்டியைச் சாக்கால் மூடிவைத்த வீட்டுப் பிள்ளைக்குக் குளிர்காலம் என்று சொல்லிப் பனிமனிதனைக் காட்டினால், அது தான் கண்டதை எந்தச் சொல்லால் சொல்லும்? 2018 மார்கழி வெள்ளம் வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்களும் எங்களிடம் படித்துப் போனார்கள்.

ஆகவே போத்தலுக்குள் எங்கள் மாரியைப் போட்டோம். முதல் முயற்சி படுதோல்வி. பெர்ஸி செய்தது போல ரவையையே போட்டோம். வியன்னாக் குளிருக்கு அது தாங்கியிருக்கும். எங்கள் வெக்கையில் மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி, நாலாம் நாள் புளித்து, போத்தல் ஊதிப்போய் நின்றது. திறந்தபோது வந்த மணத்தை மொண்டிசோரி அம்மையாரின் குப்பிகளில்கூடச் சேர்க்க முடியாது. பிறகு முட்டைக்கோதைக் கழுவி, காயவைத்து, இடித்துப் போட்டோம். அது பழுதாவதில்லை. ஆறவைத்த கொதிநீரோடு மருந்துக்கடைக் கிளிசரினைக் கலந்தால் தண்ணீர் தடித்து, கோது ஆறுதலாக இறங்கும். கிளிசரின் கூடக்கூட இறக்கம் மெதுவாகும். அதுதான் தைப்பனிப் போத்தல்.

இரண்டாவது வெள்ளப் போத்தல். அரைவாசி தண்ணீர், அதற்குள் இரண்டு கரண்டி செம்மண். குலுக்கினால் மாரியில் நந்திக்கடல் கலங்கினமாதிரி. வைத்துவிட்டுப் பாடம் படித்தால், இடைவேளைக்கு முதல் பருமணல் அடியில், அதற்கு மேல் மென்மண், மேலே தெளிவு. மூன்றாவதில் தண்ணீரே இல்லை. நெல்லும் சிறு சல்லியும் மட்டும். மெல்லச் சரித்தால் தகரக் கூரையில் மழை. அந்தச் சத்தத்துக்கு ஒரு பிள்ளை காதைப் பொத்தியது. அதற்கு அந்தப் போத்தலைக் கொடுப்பதில்லை.

இனிச் சொல்லப்போவது எங்கள் பிழை. மண்ணும் வெறும் போத்தலும் தேடிக்கொண்டு வரச்சொல்லிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டோம். அடுத்த நாள் காலையிலேயே ஒரு அம்மம்மா வந்து நின்றார். அவருக்குக் கோபத்தைவிட நடுக்கம்தான் கூட. "நிலத்தில கிடக்கிறது ஒண்டையும் தொடாத எண்டு சொல்லிச் சொல்லி வளர்க்கிறம். நீங்கள் பொறுக்கிக்கொண்டு வா எண்டு விடுறியளே" என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 2009இல் வட்டுவாகலால் நடந்துவந்த குடும்பம் அது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில்தான். மண்டையோட்டுப் பலகை கண்ட பிள்ளைகள் இன்னும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். தொட்டுப் படிக்கவேண்டும் என்று உலகம் நூறு வருடமாகச் சொல்கிறது. தொடாமல் இருந்ததால்தான் எங்கள் பிள்ளைகள் கை காலோடு இருக்கிறார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரு வகுப்பறைக்குள் வைத்துக்கொள்வது எப்படி என்று எங்களுக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

எங்களில் சிலர் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில், புத்தளத்து முகாமில் பிறந்தவர்கள். பால்மா டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உம்மா கிலுக்கித் தந்ததுதான் எங்கள் புலன் போத்தல். அங்கே நிலத்தில் எதையும் பயமில்லாமல் பொறுக்கினோம். ஊர் திரும்பின பிறகு இங்குள்ள நிலத்துக்கு வேறு சட்டம் என்பதை மறந்துவிட்டோம்.

அந்த அம்மம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது மண் எடுப்பது பள்ளிக்கூடப் பூங்கன்றுப் பாத்தியில் மட்டும், அதுவும் நாங்கள். போத்தல் வீட்டுக் குசினியில் இருந்து, பெரியவர் கையால். மூடியைப் பசை போட்டு ஒட்டி, மேலால் ரேப்பும் சுற்றுகிறோம். மணி, பொத்தான் போன்ற விழுங்கக்கூடிய சாமான் உள்ளே போடுவதில்லை. பிளாஸ்டிக் வெடித்த போத்தலை உடனே எறிகிறோம். அந்த அம்மம்மாவே போன வாரம் ஒரு பை நிறைய முட்டைக்கோது கொண்டுவந்து தந்தார், ஒன்றும் சொல்லாமல்.

ஐப்பசி மழை தொடங்க முதல் இன்னும் இருபது போத்தல் செய்ய நினைக்கிறோம், பக்கத்து முன்பள்ளிக்கும் சேர்த்து. 500 மில்லிலீற்றர் தெளிந்த போத்தல், மூடியோடு, கழுவிக் காயவைத்தது. முட்டைக்கோது இருந்தால் உள்தோலை உரித்துவிட்டு வெயிலில் போட்டுத் தாருங்கள், இல்லாவிட்டால் மணக்கும். கிளிசரின் நாங்கள் வாங்கிவிட்டோம். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு இரண்டு மணி வரைக்கும் வகுப்பில் இருப்போம்.