உறுதிப்பூசுதல்: எழுவாய் யார்?

தொடக்ககாலத் திருச்சபையில் திருமுழுக்கு, எண்ணெய்ப்பூச்சு, நற்கருணை மூன்றும் ஒரே வழிபாட்டில் தொடர்ந்து நிகழ்ந்தன. கிறித்தவம் நகரங்களைக் கடந்து ஊர்ப்புறங்களில் பரவியபோது, எல்லா இடங்களுக்கும் ஆயர் செல்ல இயலவில்லை. கிழக்கு மரபு, ஆயர் அர்ச்சித்த தைலத்தைக் கொண்டு குருவே பூச இசைந்தது. மேற்கு மரபு ஆயரின் வருகைக்குக் காத்திருந்தது. அக்காத்திருப்பில்தான் உறுதிப்பூசுதல் தனிச் சடங்காகப் பிரிந்தது.

பெயர்களும் பிரிந்தன. கிரேக்கத்தின் 'கிறிஸ்மா' பூசுதலைச் சுட்ட, இலத்தீனின் 'கொன்ஃபிர்மாத்தியோ' உறுதிப்படுத்தலைச் சுட்டியது. தமிழ்ச்சொல் இரண்டையும் ஒருங்கே தாங்குகிறது.

ஆனால் உறுதிப்படுத்துபவர் யார்? வளர்ந்த பிள்ளை தன் நம்பிக்கையைத் தானே உறுதிசெய்யும் விழா என்பது இன்று பரவலான புரிதல். பதின்பருவத்தினர் தம் நம்பிக்கைக்கு விளக்கம் கூறும் மறைக்கல்வி நிகழ்வே இது என்ற கருத்தை 1547இல் திரெந்து பொதுச்சங்கம் மறுத்தது. 1971இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பைசாந்திய மரபின் வாய்பாட்டை இலத்தீன் வழிபாட்டில் ஏற்றார். அதில் தூய ஆவி என்னும் கொடையின் முத்திரையை மனிதர் பெறுகிறார்.

ஆக, இச்சடங்கின் எழுவாய் இறைவன், மனிதர் செயப்படுபொருள். திருமுழுக்கின் அருள் நிறைவுறுதல், ஆவியின் கொடைகள் பெருகுதல், அஞ்சாது சான்று பகரும் ஆற்றல் ஆகிய பயன்கள் பெறப்படுபவை, ஈட்டப்படுபவை அல்ல. கிழக்கு மரபு இன்றும் கைக்குழந்தைக்கு இதை வழங்குவதன் பொருளும் அதுவே.