கிக்குலியின் குதிரைகள்

போர்களில் வென்ற மன்னர்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். அவர்களுடைய தேர்க்குதிரைகளைப் பழக்கியவர் யார் என்று கேட்டால் வரலாறு பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திறக்கும் இடம் ஒன்று உண்டு.

துருக்கியில், அங்காரா நகருக்குக் கிழக்கே, போகாஸ்கோய் என்னும் சிற்றூரில் ஹிட்டைட் மக்களின் தலைநகரான ஹத்துசா மண்மூடிக் கிடந்தது. 1906ஆம் ஆண்டு ஹியூகோ வின்க்ளர் என்ற ஜெர்மானிய அறிஞர் தொடங்கிய அகழ்வில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் வெளிப்பட்டன. அவற்றுள் நான்கு பலகைகள், 1,000 வரிகளுக்கு மேல், குதிரைகளின் உடற்பயிற்சியை மட்டுமே கூறுகின்றன. கூறுபவர் மிட்டன்னி நாட்டைச் சேர்ந்த கிக்குலி. அவர் வாழ்ந்தது ஏறத்தாழ கி. மு. 14ஆம் நூற்றாண்டு.

தேர்ப்படையை நம்பிய அரசு அது. கி. மு. 1274இல் காதேஷ் என்ற இடத்தில் எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்செஸை எதிர்த்ததும் அப்படையே. களத்தில் குதிரை மூச்சிரைத்து நின்றுவிட்டால், தேரில் இருப்பவனின் உயிருக்கு உறுதியில்லை. அத்தகைய குதிரையை உருவாக்கக் கிக்குலி விதித்த காலம் ஆறு மாதத்திற்கும் மேல். ஓட்டவேண்டிய தொலைவு, நடை, பாய்ச்சல், தீனி, நீர், ஓய்வு ஆகிய யாவும் நாள்வாரியாக வரையறுக்கப்பட்டுள்ளன. இரவிலும் பயிற்சி உண்டு. ஆனால் ஓட்டத்திற்குக் கொடுத்த அதே கவனத்தை ஓட்டத்திற்குப் பிந்திய நேரத்திற்கும் அவர் கொடுத்திருப்பதுதான் என்னை வியக்கவைக்கிறது. வெந்நீரால் கழுவுதல், ஆற்றில் குளிப்பாட்டுதல், போர்வை போர்த்தி வியர்க்கச் செய்தல், பின்னர் உப்பு நீரும் முளைதானிய நீரும் புகட்டுதல் என்று முறை வகுத்திருக்கிறார். வியர்வையோடு குதிரை உப்பையும் மிகுதியாக இழக்கிறது என்பதை இன்றைய மருத்துவம் அறியும். அன்று அதை அறிவித்தது அனுபவமே.

ஆஸ்திரேலிய அறிஞர் ஆன் நைலண்ட், 1991இல் இம்முறையை அரபுக் குதிரைகளிடம் ஏழு மாதம் சோதித்தார். தேரில் பூட்டுவதற்கு முன் நெடுநாள் சுமையின்றி அழைத்துச் சென்று பழக்குவதே இதன் உயிர்நிலை என்பது அவர் கருத்து. காரணம் எளிது. இதயமும் தசையும் விரைவில் வலுப்பெறும். எலும்பும் தசைநாணும் மெல்லத்தான் உறுதிப்படும். அவசரப்பட்டால் முதலில் நொண்டுவது காலே. ஒரு சோதனையைக் கொண்டு முடிவு கட்டுதல் கூடாதெனினும் இந்த நிதானம் சரியானது என்றே எண்ணுகிறேன். பந்தயத்துக்கு முந்திய வாரத்தில் மட்டும் மைதானத்தைச் சுற்றிய மாணவர் பலரை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். கிக்குலியின் லாயத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்திராது!

இன்னொரு செய்தி. பலகைகளின் மொழி ஹிட்டைட். ஆயினும் சுற்றுகளை எண்ணுமிடத்தில் ஐக, தெர, பன்ஸ, சத்த, நவ என்று வேற்றுச் சொற்கள் வருகின்றன. சப்தரிஷிகளையும் நவக்கிரகங்களையும் அறிந்த நமக்கு இவற்றின் உறவை விளக்க வேண்டியதில்லை. ஓட்டச் சுற்றுக்கு வர்தன்ன என்று பெயர். அதுவும் வடமொழியில் சுழல்வதைக் குறிக்கும் வேரோடு தொடர்புடையது. குதிரைத் தொழிலில் மிட்டன்னியர் வழங்கிய இச்சொற்களை ஹிட்டைட் எழுத்தர்கள் மொழிபெயர்க்காமல் அப்படியே களிமண்ணில் பதித்துவிட்டார்கள்.